கட்டம் கட்டிய கடிதம்

படிக்கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த நம் வயதுக்காரர்களுக்கு, சிலந்தி என்றால் எட்டுக்கால் பூச்சி இல்லை என்று நான் விளக்க வேண்டியதில்லை. பேரன் பேத்திகளுக்குத்தான் விளக்க வேண்டியிருக்கிறது. நரம்புச் சிலந்தி என்பார்கள். நூல் மாதிரி ஒரு புழு. போன கோடையில் குடித்த தண்ணீரோடு உள்ளே போய், இந்தக் கோடையில் காலில் கொப்புளமாக வந்து நிற்கும். கொப்புளம் உடைந்ததும் வெள்ளையாகத் தலை நீட்டும். அதை ஓர் ஈர்க்குச்சியில் சுற்றி, தினம் கொஞ்சங் கொஞ்சமாக வெளியே எடுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்து அறுந்துவிட்டால் கால் வீங்கிப் பூசணிக்காய் ஆகிவிடும். சிலர் அதிலேயே போய்ச் சேர்ந்தும் இருக்கிறார்கள். உங்களில் எத்தனை பேர் முழங்காலுக்குக் கீழே அந்தத் தழும்போடு உட்கார்ந்து இதைப் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். வேட்டியை இழுத்து மூடிக்கொள்ள வேண்டாம்.

என் காலில் அந்தத் தழும்பு இல்லை. ஏன் இல்லை என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஜெர்மன்காரன் சண்டை வருவதற்கு முந்தின வருஷங்கள். வெண்ணந்தூருக்கும் ராசிபுரத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். வீட்டில் ஐயன், அம்மா, அக்கா, நான். அப்பாவை எங்கள் பக்கத்தில் ஐயன் என்றுதான் சொல்வோம். ஐயன் சோளமும் நிலக்கடலையும் போடுகிறவர். ராசிபுரத்தில் எட்டாவது வரை படித்தவர். அந்தப் படிப்பு அவரைச் சும்மா இருக்க விடவில்லை. சேலத்திலிருந்து வாரம் ஒரு முறை வரும் பத்திரிகை ஒன்றை வரவழைத்தார். பஸ்காரன் அதைச் சுருட்டி மெயின் ரோட்டு முக்கில் எறிந்துவிட்டுப் போவான். நான் ஓடிப் போய் எடுத்து வருவேன். மையும் பெட்ரோலும் கலந்த ஒரு வாசனை அதில் இருக்கும். அது எனக்குப் பிடிக்கும்.

பத்திரிகையில் காந்தியார் எங்கே போனார், பருத்தி என்ன விலை என்பதெல்லாம் ஐயனுக்கு அப்புறந்தான். முதலில் 'பத்திராதிபருக்குக் கடிதங்கள்' என்று போட்டிருக்கும் பக்கத்தைத்தான் பிரிப்பார். சேலத்தில் ஏதோ ஒரு சந்தில் சாக்கடை நாறுகிறது என்று ஒருவர் எழுதியிருப்பார். அதை எங்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுவார். நாங்கள் அந்தச் சந்தைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் அடுத்த வாரம் அந்தச் சாக்கடை என்ன ஆயிற்று என்று அம்மா மறக்காமல் கேட்பாள்.

ஐயனும் எழுதினார். ஒன்றும் வெளிவரவில்லை. இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. சம்பந்தி வீட்டுக்கு எழுதுவதைப் போலவே பத்திராதிபருக்கும் எழுதுவார். பிள்ளையார் சுழி, சகல சௌபாக்கியம், தங்கள் வீட்டில் குழந்தைகள் சுகமா, அங்கே மழை உண்டா, இங்கே மாடு கன்று தங்கள் புண்ணியத்தில் சௌக்கியம். ரோட்டு முக்கில் பஸ் நிற்காத விஷயம் மூன்றாம் பக்கத்தின் கடைசியில் வெட்கப்பட்டுக்கொண்டு வந்து நிற்கும். நல்ல சேதி என்று காட்ட, நாலு மூலையிலும் மஞ்சள் தடவித்தான் அனுப்புவார்.

மஞ்சளைச் சொன்னேன், மையையும் சொல்லிவிட வேண்டும். சாவுச் சேதி வரும் கடுதாசிக்கு மூலையில் கறுப்பு மை தடவியிருக்கும். நம் வீடுகளில் அதை எப்படிப் படிப்போம் என்பது உங்களுக்குத் தெரியும். தலைவாசலுக்கு வெளியே நின்றுதான் படிக்க வேண்டும். எந்த ஊர், யார் வீடு என்று தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். கிழித்துப் போட்டுவிட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். அந்தத் தை மாதம் தூரத்து உறவு ஒன்று போன கடுதாசி வந்தது. வீட்டில் எழுத்துக்கூட்டத் தெரிந்த பெண்பிள்ளை என்று என்னைப் படிக்கச் சொன்னார்கள். நான் பெருமையாக உள்ளே இருப்பதையெல்லாம் வாசித்துக்கொண்டே போனேன். அம்மா பிடுங்கிக் கிழித்தாள். "போதுஞ் சாமி. எழவுக் கடுதாசிய முச்சூடும் படிக்கப்படாது" என்றாள். அதற்கு மேல் அதில் என்ன எழுதியிருந்தது என்று யாரும் தெரிந்துகொள்ளவில்லை.

அதே தையில்தான் அக்காவுக்கு நாமகிரிப்பேட்டைப் பக்கம் மாப்பிள்ளை பேசி, உப்புச் சக்கரை மாற்றி நிச்சயம் செய்துகொண்டார்கள். கல்யாணம் வைகாசியில். மாப்பிள்ளை வீட்டார் நல்ல மாதிரி. மாப்பிள்ளையின் அம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. மாப்பிள்ளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார், ஒரு தடவை இருமினார். அதையே அக்கா எனக்குத் திரும்பத் திரும்பச் சொன்னாள். இருமல் சளியா, வெட்கமா என்று எங்களுக்குள் பெரிய விவாதம்.

மாசியில் அக்காவின் கணுக்காலுக்கு மேலே கொப்புளம் வந்தது. அம்மா தொட்டுப் பார்த்துவிட்டு ஈர்க்குச்சி எடுக்கப் போனாள். புங்க மரத்தடியில் கயிற்றுக்கட்டிலைப் போட்டு அக்காவைப் படுக்க வைத்தார்கள். எருக்கிலை வாட்டிக் கட்டிய வாசனையும், புங்கம்பூ உதிர்ந்து காய்ந்த வாசனையும் அந்தக் கட்டிலைச் சுற்றி எப்போதும் இருந்தன. கால் மடங்கவில்லை. வலி இருக்கும்போது அக்கா நிலக்கடலை உரிப்பாள். கட்டிலுக்குக் கீழே கடலைத்தோல் மேடாகக் கிடக்கும்.

ஐயன் மறைக்கவில்லை. தாய்மாமனை அனுப்பி மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லிவிட்டார். "சிலந்தி யாரு ஊட்டுலதான் இல்லீங்க? காலு ஆறட்டும். வைகாசி எங்க ஓடிப் போவுது" என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லி அனுப்பினாள். கூடவே ஒரு தூக்கு வெல்லம். அதை நான்தான் அதிகம் தின்றேன்.

சுகாதார இன்ஸ்பெக்டர் ஒருவர் சைக்கிளில் வந்தார். படிக்கிணற்றில் இறங்கிப் பார்த்துவிட்டு, சிலந்தி வந்த கால் அந்தத் தண்ணீரில் பட்டால் புழுவின் குஞ்சு அதில் இறங்குகிறது, அதைத்தான் எல்லோரும் குடிக்கிறீர்கள் என்றார். படியை அடைத்துச் சுற்றுச்சுவர் எழுப்பி, மேலே நின்று இறைக்கிற கிணறாக்க வேண்டும். அது ஜில்லா போர்டு செய்ய வேண்டிய வேலை. அதுவரைக்கும் துணியில் வடிகட்டிக் குடியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"கட்டுன துணியில குடிக்கற தண்ணிய வடிக்கறதா?" என்று அம்மா முகத்தைச் சுளித்தாள். "அதுக்குப் புதுத் துணியில்ல வேணும்." புதுத் துணி நம் வீடுகளுக்கு எப்போது வரும்? தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும்தான். ஒருவரும் வடிகட்டவில்லை.

ஜில்லா போர்டுக்கு ஊர்ப் பெரியவர்கள் மனு கொடுத்தார்கள். மனு போன இடம் தெரியவில்லை. அப்போதுதான் ஐயன் ஒரு தூக்குப்போசி நெய்யை எடுத்துக்கொண்டு சேலத்துக்குப் பஸ் ஏறினார், தன் கடிதம் ஏன் வருவதில்லை என்று பத்திராதிபரையே கேட்டுவிட. பத்திராதிபர் நெய்யை வாங்கிக்கொண்டு உண்மையைச் சொன்னார். ஐயன் திரும்பி வந்து அதைச் சோற்றுத் தட்டின் முன்னால் அப்படியே நடித்துக் காட்டினார்.

"'நலம் விசாரிக்கத் தபால் கார்டு இருக்கு. எனக்கு விஷயம் வேணும்'னுட்டாருங்க. ஒரு கடுதாசிக்கு ஒரே விஷயம். எந்த ஊருன்னு தலையிலயே சொல்லிப்போடோணும். ஊர்ல கஷ்டம், ஜனங்க அவதின்னு எளுதுனா ஒருத்தனும் படிக்க மாட்டானாம். ஒரே ஒரு ஆளக் காட்டோணுமாம். கடசீல என்ன வேணும்னு கேட்டுட்டு, பேரப் போட்டு நிறுத்திக்கோணும்."

எழுதத் தொடங்கினார். எழுதி எழுதிப் படித்துக் காட்டினார். அம்மா ராகி அரைத்துக்கொண்டிருப்பாள். ஐயனுக்கு ஒரு கணக்கு இருந்தது. கேட்கும்போது அம்மாவின் கை திருகையை நிறுத்தினால் கடிதம் சரி, சுற்றிக்கொண்டே இருந்தால் சரியில்லை. பல நாள் திருகை சுற்றிக்கொண்டே இருந்தது. நாங்கள் நிறைய ராகி மாவு சாப்பிட்டோம்.

ஒரு நாள் மத்தியானம் அவர் படித்தது இது. இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு மனப்பாடம்.

'ஐயா, எங்கள் ஊரில் குடிதண்ணீருக்கு உள்ளது ஒரே படிக்கிணறு. நோயுள்ள காலும் நோயில்லாத காலும் அதே நீரில் இறங்குகின்றன. எனக்கு ஒரு மகள். வைகாசியில் அவளுக்கு விவாகம். போன வருஷம் அக்கிணற்று நீரைக் குடித்தாள். இவ்வருஷம் கால் வீங்கிக் கட்டிலில் கிடக்கிறாள். இனி அவள் எப்போது நடப்பாள் என்று எனக்குத் தெரியாது. அவளுக்குப் பின்னால் ஒரு சிறு பெண் இருக்கிறாள். அவளும் இன்று காலை அதே நீரைத்தான் குடித்தாள். ஜில்லா போர்டார் படியை அடைத்துச் சுவர் எழுப்பித் தருவார்களா?'

திருகை நின்றது. ஐயன் நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் மறக்கவில்லை. மனைவியைக் கலங்க வைத்ததற்காக அவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை நான் பார்த்ததில்லை.

"ஏனுங்க, புள்ளய எதுக்குங்க இதுல இழுக்கறீங்க?" என்றாள் அம்மா.

"பேரு போடலயே. சிலந்தி வந்தது என்ன களவாணித்தனமா? மாப்பிள்ள ஊட்டுக்குத் தெரிஞ்சதுதான?"

"எழுதறதுக்கு வேற ஆளே கெடைக்கலீங்களா?"

கட்டிலிலிருந்து அக்கா சொன்னாள். "இருக்கட்டும் உடுங்கம்மா. போடுங்கய்யா. அம்மிணியும் அந்தத் தண்ணியத்தான குடிக்குது." அம்மிணி என்றது என்னை. நான் அப்போது வாயில் வெல்லத்தை அடக்கிக்கொண்டிருந்தேன்.

பங்குனியில் கடிதம் வந்துவிட்டது. ரோட்டு முக்கிலேயே பிரித்துப் பார்த்தேன். மற்றக் கடிதங்களோடு கடைசிப் பக்கத்தில் இல்லை. முதல் பக்கத்தில், நடுவில், தனியாக இருந்தது. மேலே பெரிய எழுத்தில் எங்கள் ஊர்ப் பெயர். அதற்கடியில், 'ஒரு பெண்ணின் கதி' என்று பத்திராதிபர் தாமே கொடுத்த தலைப்பு. கீழே கொட்டை எழுத்தில் ஐயனின் பெயர். இதையெல்லாம் சுற்றி நாலு பக்கமும் விரல் தடிமனுக்குக் கறுப்பாக ஒரு கட்டம். மற்ற எதுவும் கண்ணில் படாத அளவுக்கு அந்தக் கறுப்பு இருந்தது. நான் அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். ஐயன் அதை ஊர் முழுக்க எடுத்துப் போய்க் காட்டினார். அம்மா மட்டும் அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டு, "மையைக் கொஞ்சம் கம்மியாப் போட்டிருக்கலாம்" என்றாள். அவள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

மறுநாள் வெயில் ஏறின நேரம். அக்கா புங்க மரத்தடியில் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நான் உரித்ததைத் தின்றுகொண்டிருந்தேன். வண்டித்தடத்திலிருந்து ஒப்பாரி கேட்டது.

ஒப்பாரி கேட்டால் நம் பெண்கள் யார் செத்தது என்றா கேட்பார்கள்? அம்மா கையிலிருந்ததைப் போட்டுவிட்டு, கொண்டையை அவிழ்த்துக்கொண்டே ஓடினாள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் மாரடித்துக்கொண்டு வந்தார்கள். பின்னால் ஆண்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா எங்கள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அம்மாவும் கட்டிக்கொண்டு அழுதாள். அழுதபடியே, "யாருங்க அண்ணி, யாருக்கு என்னாச்சுங்க?" என்று கேட்டது எனக்குக் காதில் விழுந்தது. மாப்பிள்ளையின் அம்மா அதைத் துக்கத்தில் புத்தி கலங்கிப் பேசுவதாக நினைத்து இன்னும் ஓங்கி அழுதாள்.

கட்டிலில் இருந்த அக்காவுக்கு வேறு மாதிரி புரிந்தது. வந்தவர்கள் மாப்பிள்ளை வீட்டார். ஆண்கள் முகம் துண்டுக்குள் இருந்தது. யார் அதில் இருக்கிறார், யார் இல்லை என்று அவளால் பார்க்க முடியவில்லை. மாப்பிள்ளைக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். அவளுக்காக அவர்கள் அழுதார்கள். அவர்களுக்காக அவள் அழுதாள். இது எவ்வளவு நேரம் நடந்தது என்று எனக்குத் தெரியாது. நான் கடலையை விழுங்க முடியாமல் வாயிலேயே வைத்திருந்தேன்.

முதலில் நின்றது மாப்பிள்ளையின் அம்மாவின் குரல்தான். மரத்தடியைப் பார்த்துவிட்டாள். மெதுவாகக் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து அக்காவின் கன்னத்தைத் தொட்டாள்.

"உசுரோட இருக்கறயா கண்ணு?"

தொட்ட கையை உடனே எடுத்துக்கொண்டாள். அந்த ஒரு கணத்தில் எல்லாம் முடிந்துவிட்டது என்று இன்றைக்கு எனக்குத் தெரிகிறது. அப்போது தெரியவில்லை. எல்லோரும் சிரிக்கப் போகிறார்கள் என்றே நினைத்தேன்.

நடந்தது இதுதான். நாமகிரிப்பேட்டை வெல்ல மண்டியில் ஒருவர் எங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டு, சம்பந்தி ஊர் ஆயிற்றே என்று அந்தத் தாளை மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறார். நாலு பக்கமும் கறுப்பு. தலையில் ஊர். 'ஒரு பெண்ணின் கதி'. கீழே ஐயனின் பெயர். பெண்ணுக்குக் கால் வீங்கிக் கிடப்பது அவர்களுக்கு முன்னமே தெரியும். அதற்கு மேல் எதற்குப் படிக்க வேண்டும்? நம் வீடுகளில் என்ன செய்வோமோ அதையே செய்தார்கள். தலைவாசலுக்கு வெளியே கிழித்துப் போட்டார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள். பிணத்துக்குப் போர்த்தக் கோடிச் சேலை வாங்கிக்கொண்டு வண்டி கட்டினார்கள்.

ஐயன் உள்ளே போய்ப் பத்திரிகையைக் கொண்டு வந்து, வாசலில் நின்று, முழுக் கடிதத்தையும் அவர்களுக்குப் படித்துக் காட்டினார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும். அவிழ்ந்த தலையோடு பெண்களும், துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஆண்களும் கேட்டார்கள். 'சுவர் எழுப்பித் தருவார்களா?' என்று முடிந்தது.

"நல்லாத்தான் எளுதியிருக்கறீங்க" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

கேதம் கேட்க வந்தவர்கள் குளிக்காமல் ஊர் திரும்ப முடியாது. யாரும் சாகவில்லை என்றாலும் குளித்தாக வேண்டும். எங்கள் தோட்டத்துக் கிணற்றில் குளித்தார்கள். சாப்பிட மறுத்துவிட்டார்கள். கொண்டு வந்த கோடியைத் திருப்பி எடுத்துப் போகவும் முடியாது. மாப்பிள்ளைதான் அதைக் கையில் வைத்திருந்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றுவிட்டு, கடைசியில் கட்டிலின் கால்மாட்டில் வைத்தார். அக்காவைப் பார்த்தார். இந்தத் தடவை இருமவில்லை.

பத்து நாள் போல ஆனபின் தாய்மாமன் அங்கிருந்து பதில் கொண்டு வந்தார்.

"புள்ள மேல ஒரு கொறையுமில்லீங்கறாங்க. நாங்க மாரடிச்ச வாசல்ல முகூர்த்தக்கால் நட முடியாதுங்கறாங்க."

"செத்துட்டதாச் சேதி வந்தா ஆயுசு கெட்டீம்பாங்களே" என்றார் ஐயன்.

"சேதி வந்தாச் சொல்லுவாங்க மாப்ள. கோடி வந்தா என்ன சொல்லுவாங்கன்னு தெரியலயே."

ஐயன் தன் வேட்டி நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். அழுகைச் சத்தம் கேட்கவில்லை. அந்த வீட்டில் இருந்த அழுகையெல்லாம் அன்றைக்கே செலவாகிவிட்டது போல எல்லோரும் மரத்துப்போய் நடமாடினோம். சோறு வெந்தது, மாடு கறந்தது, ஈர்க்குச்சியில் புழு தினம் கொஞ்சம் சுற்றிக்கொண்டது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால், இன்னும் அந்த மரப்பு முழுசாக விடவில்லை.

அக்கா ஒன்றே ஒன்று கேட்டாள். "நான் உசுரோட இருக்கறேன்னு அதுலயே ஒரு வரி போடச் சொல்லுங்கய்யா."

ஐயன் சேலத்துக்குப் போனபோது என்னையும் கூட்டிப் போனார். அச்சாபீஸ் ஓர் இருட்டுக் கட்டடம். ஐயனைப் பார்த்ததும் பத்திராதிபர் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க கடிதம் என்ன வேலை செஞ்சிருக்கு தெரியுமா? ஜில்லா போர்டுல நேத்து அதைத்தான் பேசினாங்களாம். கிணத்துக்கு ஆர்டர் ஆயாச்சு" என்றார். ஐயன் நடந்ததைச் சொன்னார். பத்திராதிபர் உட்கார்ந்துவிட்டார். கெட்ட மனிதரில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி துடைத்தார். "யாரும் தாண்டிப் போயிடக் கூடாதுன்னுதான் கட்டம் கட்டச் சொன்னேன்" என்றார்.

எழுத்துக் கோக்கிறவர் அந்தக் கறுப்புக் கோடு எதனால் விழுகிறது என்று எனக்குக் காட்டினார். மெல்லிய ஈயத் தகடு. ஒரு விளிம்பு கூர்மை, அதில் மெல்லிய கோடு விழும். தலைகீழாகத் திருப்பி வைத்தால் தடித்த அடிப்பக்கம் அச்சில் பதியும். பெரிய தலைவர்கள் செத்தால் அப்படித் திருப்பி வைப்போம் அம்மிணி, இல்லாவிட்டால் வைக்கிறதில்லை என்றார். என் உள்ளங்கையில் அதை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

பத்திராதிபரின் மேஜையிலேயே ஐயன் மறுப்பை எழுதிக் கொடுத்தார். கடிதம் எப்படி எழுத வேண்டும் என்று அதற்குள் அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஊர் முதலில். ஒரே விஷயம். ஒரே ஆள். 'மேற்படி கடிதத்தில் கண்ட பெண் உயிருடன் சௌக்கியமாக இருக்கிறாள்.' அடுத்த வாரம் வந்தது. கடைசிப் பக்கத்தில், பருத்தி விலைக்குக் கீழே, கட்டம் இல்லாமல். நானே தேடித்தான் கண்டுபிடித்தேன். அக்கா என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"எளுத்துச் சின்னதா இருக்குது" என்றாள்.

யாருமே அதைப் படிக்கவில்லை. நாமகிரிப்பேட்டையில் வைகாசியிலேயே, குறித்த தேதியிலேயே, வேறு பெண்ணோடு கல்யாணம் நடந்தது.

அந்தக் கோடிச் சேலை கட்டிலின் கால்மாட்டிலேயே சில நாள் கிடந்தது. அம்மா அதைத் தொடவில்லை. ஐயன் அந்தப் பக்கம் போவதைத் தவிர்த்தார். ஒரு காலை நான் பானையில் தண்ணீர் மொள்ளப் போனபோது, அக்கா அதைப் பல்லால் கடித்துக் கிழித்துக்கொண்டிருந்தாள். ஒரு துண்டை நாலாக மடித்துப் பானை வாயில் கட்டினாள்.

அம்மா ஓடி வந்தாள். "ஐயோ சாமி, அது..."

"யாரும் கட்டாத துணிதானுங்கம்மா. துணி என்ன பண்ணுச்சு?"

அக்கா அந்தத் துணி வழியாகத் தண்ணீரை ஊற்றி, சொம்பில் எடுத்து என் வாயில் வைத்தாள். கஞ்சி போட்ட புதுத் துணியின் ருசி அந்தத் தண்ணீரில் இருந்தது. கிணறு சரியாகும் வரைக்கும், அப்புறமும் பல வருஷம், நான் அந்தத் துணியில் வடித்த தண்ணீரைத்தான் குடித்தேன். அடுத்த கோடையில் என் வயதுப் பிள்ளைகள் பலருக்குக் காலில் கொப்புளம் வந்தது. எனக்கு வரவில்லை. அந்தத் துணி எப்போது நைந்தது, யார் எறிந்தார்கள் என்பது நினைவில் இல்லை. எவ்வளவோ சாமான்களைத் தேவையில்லாமல் வைத்திருக்கிறேன், அதை வைக்கவில்லை.

ஆனியில் படியை அடைத்துச் சுவர் எழுப்பி, ராட்டினம் மாட்டினார்கள். போர்டு பிரசிடெண்ட் காரில் வந்தார். ஐயனுக்கு மாலை போட்டார்கள். முதல் குடம் இறைக்க ஒரு கன்னிப் பெண் வேண்டும் என்றபோது எல்லோரும் எங்கள் பக்கம் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்தார்கள். வேறு வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டார்கள். அக்கா காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்து கூட்டத்தின் ஓரமாக நின்று பார்த்தாள். மறுநாளிலிருந்து எல்லோரையும் போல அவளும் இறைத்தாள்.

அதன்பின் அவளை யாரும் கேட்டு வரவில்லை. செத்துப் பிழைத்த பெண் என்று பெயர் விழுந்துவிட்டது. யாரும் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்தால் அந்தக் கதையில் கெட்ட எண்ணம் யாருக்குமே இல்லை. ஐயன் ஊருக்கு நல்லது நினைத்தார். பத்திராதிபர் கடிதத்துக்கு நல்லது நினைத்தார். மாப்பிள்ளை வீட்டார் முறையோடு அழ வந்தார்கள். எல்லோரும் சரியாகத்தான் செய்தார்கள். அதுதான் எனக்கு ஆத்திரம். ஒரு ஆளாவது தப்பு செய்திருந்தால் இத்தனை வருஷம் அவனைத் திட்டிக்கொண்டாவது இருந்திருக்கலாம்.

ஐயன் கடிதம் எழுதுவதை நிறுத்தவில்லை. சுற்று வட்டாரத்திலிருந்து ஆட்கள் தேடி வந்தார்கள், பள்ளிக்கூடத்துக்கு, ரோட்டுக்கு, பாலத்துக்கு என்று. எழுதிக் கொடுத்தார். ஆனால் ஆளைக் காட்டி எழுதவில்லை. கையெழுத்துக்குக் கீழே ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு வரி இருக்கும்: 'கட்டம் கட்டாமல் பிரசுரிக்கவும்.' அவர் கடிதங்கள் அதற்குப்பின் அவ்வளவாக வெளிவரவில்லை.

அக்கா கடைசிக் காலத்தில் என்னோடுதான் இருந்தாள். குழாய்த் தண்ணீர் வந்த பிறகும் துணி கட்டாமல் எனக்குக் குடிக்கத் தர மாட்டாள். போன மழைக்காலத்தில் தூக்கத்திலேயே போய்விட்டாள். எல்லாம் முடிந்து வந்து உட்கார்ந்தபோது என் மகன் பக்கத்தில் வந்தான்.

"ஏம்மா, பெரியம்மாளுக்குப் பேப்பர்ல ஒண்ணு குடுத்தரலாங்களா? போட்டோ வெச்சு, நல்லாக் கட்டங்கட்டிப் போடுவாங்க."

"வேண்டாஞ் சாமி" என்றேன். "அவளுக்கு அப்பவே போட்டாச்சு."